துருவக் கரடிக்கு ஆண்டில் எத்தனை நாள் பனி வேண்டும்?

ஆர்க்டிக் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்காது. ஒரு நாள் "துருவக் கரடிகள் அழிவின் விளிம்பில்" என்று தலைப்பு வரும். இன்னொரு நாள் "உலகில் 26,000 கரடிகள் இருக்கின்றன, சில இடங்களில் கூடியும் இருக்கின்றன" என்று வரும். 2012 செப்டம்பரில் கடல்பனி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சுருங்கியது. 2025 வரை அந்த அளவுக்குக் கீழே அது இறங்கவில்லை. அப்படியானால் ஆபத்து தணிந்துவிட்டதா என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது.

தணியவில்லை. மேலே சொன்ன செய்திகளில் எதுவும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை அளக்கிறது, அவ்வளவுதான். விலங்குகளின் தலைக்கணக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் மாறுவது. அதற்கு வெகு முன்பே மாறுவது நாட்கணக்கு. பனி எந்த வாரத்தில் உடைகிறது, எந்த வாரத்தில் மறுபடி உறைகிறது, மழை எந்த மாதத்தில் பெய்கிறது, புல் எப்போது துளிர்க்கிறது என்ற கணக்கு அது. ஆர்க்டிக் உயிர்களில் பெரும்பாலானவை வெப்பம் தாங்காமல் சாவதில்லை. பல ஆயிரம் ஆண்டுகளாகப் பழகிய தேதிகள் தப்பிப்போவதால்தான் பட்டினியில் விழுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் முரண்போலத் தோன்றும் செய்திகள் எல்லாம் ஒரே கதையாகப் புரியும்.

## முதலில் 'பனி' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம்

தமிழில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, உறைந்து கிடக்கும் கடலும் பனி. இந்த விஷயத்தில் அது போதாது.

1. கடல்பனி: கடல்நீரே மேற்பரப்பில் உறைந்து மிதப்பது. உப்பு கலந்திருப்பதால் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில்தான் உறையும். ஏற்கெனவே மிதந்துகொண்டிருப்பதால், இது உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய உயர்வதில்லை. ஒரே குளிர்காலத்தில் உருவாகி அடுத்த கோடையில் உருகுவது ஓராண்டுப் பனி. பல கோடைகளைத் தாண்டித் தடித்து நிற்பது பல்லாண்டுப் பனி.
2. வெண்பனி: வானிலிருந்து பஞ்சுபோல விழுந்து நிலத்திலோ கடல்பனியின் மேலோ படிவது.
3. பனியாறும் பனிப்படலமும்: கிரீன்லாந்தில் இருப்பதுபோல நிலத்தின் மேல் குவிந்திருப்பவை. கடல்மட்டத்தை உயர்த்துவது இவைதான். இந்தக் கட்டுரையில் இவற்றுக்கு அதிக வேலை இல்லை.
4. நிலத்தடி உறைபனி: குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உறைந்தே கிடக்கும் மண். கோடையில் இதன் மேல்தோல் மட்டும் இளகும்.
5. துந்திரா: இந்த உறைமண்ணின் மேல் பாசி, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படர் உயிரி), குறும்புதர் மட்டும் வளரும் மரமற்ற சமவெளி.

இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். கோடை தொடங்கும்போது கடல்பனி துண்டுகளாக விலகும் நாளை 'உடைவு நாள்' என்றும், குளிர் தொடங்கும்போது கடல் மறுபடி கட்டும் நாளை 'உறைவு நாள்' என்றும் சொல்வோம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் பனியற்ற காலம். இனி வரும் கதையில் பாதி அந்த இடைவெளியின் நீளத்தைப் பற்றியதே.

## அங்கே மட்டும் ஏன் இத்தனை வேகம்?

1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. முக்கியக் காரணம் நிறம். வெண்பனி போர்த்திய கடல்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் கருநீலம், அது 10 விழுக்காட்டைக்கூடத் திருப்பி அனுப்பாது, மிச்சம் அத்தனையையும் விழுங்கிவிடும். கொஞ்சம் பனி உருகினால் கொஞ்சம் கடல் திறக்கும், அது வெப்பத்தை வாங்கும், அந்த வெப்பம் பக்கத்துப் பனியை உருக்கும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கோடை முழுக்கக் கடல் விழுங்கிய வெப்பம் சூரியன் மறைந்ததும் போய்விடுவதில்லை. இலையுதிர்காலத்தில் அதை வெளியேற்றி முடித்த பிறகுதான் கடல் உறையவே தொடங்கும். அதனால் உடைவு நாள் முன்னால் நகர்ந்தால், உறைவு நாள் பின்னால் தள்ளிப்போகும். பனியற்ற காலம் இரண்டு முனையிலும் நீள்கிறது.

அளவைச் சொல்வதானால், 1980களில் செப்டம்பர் மாதக் குறைந்தபட்சக் கடல்பனி சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012இல் அது 34 லட்சத்துக்குக் கீழே போனது. அந்தச் சாதனை அப்படியே நிற்பதை வைத்துப் பனி மீண்டுவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. 2007 முதல் 2025 வரையிலான 19 ஆண்டுகளும்தான் செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைந்த 19 ஆண்டுகள் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. குளிர்கால உச்சமும் சுருங்குகிறது. 2025 மார்ச்சில் அது 143 லட்சம் சதுர கிலோமீட்டர், பதிவில் அதுவரை இல்லாத குறைவு. பரப்பைவிட மோசமாகத் தேய்ந்தது தடிப்பு. 1980களின் நடுவில், நான்கு ஆண்டுக்கு மேல் வயதான பனி மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இப்போது நூற்றுக்குச் சில பங்குதான். மெல்லிய பனியைக் காற்றும் அலையும் எளிதில் உடைக்கும்.

## பனியின் அடிப்பக்கம் ஒரு மேய்ச்சல் நிலம்

மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைப் பாலைவனம். புரட்டிப் பார்த்தால் கடல்பனியின் அடிப்பக்கம் பழுப்பும் பச்சையுமாக இருக்கும். பனி ஊடுருவி வரும் மங்கிய ஒளியில் அங்கே நுண்பாசிகள் ஒட்டி வளர்கின்றன. வசந்தத்தில் முதலில் கிடைக்கும் உணவு அது.

அதை மேய்வது கோபிபாட் என்ற அரிசிமணி அளவுள்ள உயிரி. ஆர்க்டிக்குக்கே உரிய கலானஸ் கிளேசியாலிஸ் என்ற வகை தன் உடலில் ஒரு கொழுப்புப் பையைச் சுமந்து திரிகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வெதுநீரோடு மேலேறி வரும் அதன் உறவு வகை கலானஸ் ஃபின்மார்க்கிகஸ். அது சிறியது, ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டால் கொழுப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். லிட்டில் ஆக் என்ற சிறிய கடற்பறவைக்குக் குஞ்சு வளர்க்கும் பருவத்தில் நாளொன்றுக்குச் சுமார் 60,000 கோபிபாட்கள் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொழுத்த இரை போய் மெலிந்த இரை வந்தால், அதே கொழுப்புக்கு எத்தனை மடங்கு அதிகமாக முங்கி எழ வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். கடலில் இரை இருக்கும், ஆனால் அதைச் சேர்க்க நாளில் மணி இருக்காது.

கோபிபாட்டுக்கு அடுத்த படி துருவக் காட் மீன். கடுங்குளிரில் இரத்தம் பனிக்கட்டியாகிவிடாமல் காக்கும் புரதம் இதன் உடலில் உண்டு. முட்டைகள் பனிக்கு அடியில் மிதந்து பொரிக்கும், குஞ்சுகள் பனியின் வெடிப்புகளில் ஒளிந்து வளரும். சீல், நார்வால், பெலூகா என்ற திமிங்கில வகைகள், கடற்பறவைகள் எல்லாம் இந்த ஒரு மீனைச் சார்ந்திருப்பதால், இது குறைந்தால் மேலே இருக்கும் அத்தனை படியும் ஆடும்.

## வளையச் சீலின் பனிக்குகை

துருவக் கரடியின் கதை சீலிடம் தொடங்குகிறது. ஆர்க்டிக்கில் மிகுதியாக இருப்பது வளையச் சீல். கடல் உறையத் தொடங்கியதும் இது முன்துடுப்பின் நகங்களால் பனியைச் சுரண்டி மூச்சுத்துளைகள் போட்டுக்கொள்ளும். பனி தடிக்கத் தடிக்கச் சுரண்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மீட்டர் தடித்த பனியிலும் துளையை மூடவிடாது.

துளைக்கு மேல் காற்று ஒதுக்கிச் சேர்த்த வெண்பனித் திட்டு இருந்தால், அதற்குள் குடைந்து ஒரு குகை செய்யும். மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வாசல் கீழே, தண்ணீரில் இருக்கும். கூரை நிற்க வேண்டுமானால் திட்டு குறைந்தது அரை மீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் குட்டி இதற்குள்தான் பிறக்கிறது. பிறக்கும்போது நான்கைந்து கிலோ. வெண்மயிர் போர்த்திருக்கும், ஆனால் அந்த மயிர் நனைந்தால் குளிர் தாங்காது. கொழுப்புப் படலம் சேரும்வரை, அதாவது தாய்ப்பால் குடிக்கும் ஐந்தாறு வாரமும், அந்தக் கூரைதான் காப்பு.

இதில் மூன்று விதமாகத் தவறு நேர்கிறது.

1. கடல் தாமதமாக உறைந்தால், அதற்கு முன் பெய்த வெண்பனியெல்லாம் திறந்த கடலில் விழுந்து கரைந்துபோகும். பின்னால் உறையும் பனியின் மேல் திட்டு சேர நாள் போதாது. குகைக்கு ஆழம் கிடைக்காது.
2. வசந்தத்தில் வெண்பனிக்குப் பதில் மழை பெய்தால் கூரை ஊறி இடிந்து விழும். குட்டி வெட்டவெளியில் கிடக்கும். கரடிக்கும் ஆர்க்டிக் நரிக்கும் கடற்காக்கைக்கும் அது கண்ணெதிரே தெரியும்.
3. உடைவு நாள் முந்தினால் பால்குடி மறக்கும் முன்பே தாயும் குட்டியும் பிரிய நேரும்.

இரண்டாவது நிலையில் கரடிக்குக் கொண்டாட்டம்தானே என்று தோன்றலாம். அந்த ஒரு பருவத்துக்கு உண்மைதான். ஆனால் பிறந்த குட்டியின் உடலில் கொழுப்பு கிடையாது. கரடிக்கு வேண்டியது ஆறு வாரம் பால் குடித்துக் கொழுத்த குட்டி.

## கரடியின் கணக்கு

தண்ணீரில் சீலை விரட்டிப் பிடிக்கக் கரடியால் முடியாது. மூச்சுத்துளையின் ஓரத்தில் அசையாமல் மணிக்கணக்கில் காத்திருந்து, சீல் மூச்செடுக்க வரும் நொடியில் தூக்குவதுதான் அதன் பிழைப்பு. ஆகவே பனி கரடிக்கு வேட்டை மேடை. மேடை இல்லையென்றால் கடல் நிறைய சீல் இருந்தும் பயனில்லை.

வேட்டைக்காலத்தின் உச்சம் ஏப்ரல் முதல் ஜூலை வரை. பால்குடி மறந்த சீல் குட்டிகள் அனுபவமின்றித் திரியும் நேரம் அது, அவற்றின் உடல் எடையில் பாதிவரை கொழுப்பு. கரடி ஆண்டு முழுவதற்குமான கொழுப்பில் பெரும்பங்கை இந்தச் சில வாரங்களில்தான் சேர்க்கிறது.

எவ்வளவு வேண்டும்? அலாஸ்காவுக்கு வடக்கே போஃபர்ட் கடலில் பெண் கரடிகளுக்குக் கழுத்துப்பட்டையில் கருவி மாட்டி அளந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு கரடி நாளொன்றுக்கு ஏறக்குறைய 12,300 கிலோகலோரி செலவழிக்கிறது. முன்பு நினைத்ததைவிட இது 1.6 மடங்கு. ஈடுகட்ட, 10 முதல் 12 நாளுக்கு ஒரு வளர்ந்த வளையச் சீல், அல்லது மூன்று இளஞ்சீல்கள், அல்லது 19 பச்சிளங்குட்டிகள் வேண்டும். கடைசி எண்தான் இடிந்த குகை ஏன் கரடிக்கு லாபமில்லை என்பதைச் சொல்கிறது.

பட்டினியின் கணக்கு கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே கோடையில் பனி முழுவதும் உருகிவிடும். கரடிகள் எல்லாம் கரையேறி, நவம்பரில் கடல் மறுபடி கட்டும்வரை காத்திருக்கும். பனியற்ற காலம் 1980களைவிட இப்போது மூன்று நான்கு வாரம் நீண்டிருக்கிறது. கரையில் கிடக்கும் கரடி நாளுக்குச் சராசரி ஒரு கிலோ இழக்கிறது. நான்கு வாரம் என்றால் கூடுதலாக 28 கிலோ. அதுவும் வேட்டை உச்சத்தின் கடைசி வாரங்களைப் பறிகொடுத்துவிட்டுக் கரையேறிய கரடியிடமிருந்து.

இந்த எடை தாயிடம் என்ன செய்கிறது என்பதுதான் விஷயத்தின் கரு. துருவக் கரடி வசந்தத்தில் இணை சேர்ந்தாலும், கரு கருப்பையில் பதிவது இலையுதிர்காலத்தில்தான். அதுவரை உடல் காத்திருக்கும், போதிய கொழுப்பு இல்லையென்றால் கர்ப்பம் தொடராது. மேற்கு ஹட்சன் பதிவுகளில், இலையுதிர்காலத்தில் 189 கிலோவுக்குக் கீழே இருந்த எந்தப் பெண் கரடியும் அடுத்த வசந்தத்தில் குட்டியோடு வந்ததில்லை. கர்ப்பம் தங்கிய தாய் எட்டு மாதம்வரை சாப்பிடாமல் இருக்கும். அந்தப் பட்டினியில்தான், பிறக்கும்போது 600 கிராம் இருக்கும் குட்டியைப் பால் கொடுத்துப் பத்துக் கிலோவுக்கு மேல் வளர்த்து வெளியே கூட்டி வருகிறது. இதே பகுதியில் 37 ஆண்டுகளில் வளர்ந்த பெண் கரடிகளின் சராசரி எடை 39 கிலோவும், ஒரு வயதுக் குட்டிகளின் எடை 26 கிலோவும் குறைந்திருக்கின்றன. 1987இல் ஏறக்குறைய 1,200 என்று மதிப்பிடப்பட்ட இந்தக் கூட்டம், 2021 கணக்கெடுப்பில் 618. சில கரடிகள் தெற்கே பக்கத்துக் கூட்டத்துக்கு நகர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆனாலும் எடைக் குறைவும் எண்ணிக்கைக் குறைவும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் நான்கு.

1. *நிலத்தில் வேறு எதையாவது தின்னக் கூடாதா?* தின்கின்றன. பறவை முட்டை, பெர்ரிப் பழம், புல், செத்த திமிங்கிலம் எல்லாம். மேற்கு ஹட்சனில் 20 கரடிகளை மூன்று வாரம் வீடியோக் கழுத்துப்பட்டையோடு கவனித்த ஆய்வு 2024இல் வந்தது. படுத்துக் கிடந்தவையும் மெலிந்தன, அலைந்து தின்றவையும் மெலிந்தன. 19 கரடிகள் எடை இழந்தன. தேடித் தின்றதில் கிடைத்த ஆற்றல் தேடுவதிலேயே செலவாகிவிட்டது.
2. *நீந்தி அடுத்த பனிக்குப் போகாதா?* போகும், விலை கொடுத்து. 2008இல் போஃபர்ட் கடலில் ஒரு தாய்க் கரடி இடைவிடாமல் ஒன்பது நாளில் 687 கிலோமீட்டர் நீந்தியது. அந்தப் பயணத்தோடு தொடர்ந்த காலத்தில் உடல் எடையில் 22 விழுக்காட்டையும் தன் ஒரு வயதுக் குட்டியையும் இழந்தது.
3. *சில இடங்களில் கூடியிருக்கிறதே?* ஆம். கனடா–கிரீன்லாந்து இடையிலுள்ள கேன் பேசினில் முன்பு தடித்த பல்லாண்டுப் பனி மண்டிக் கிடந்தது. அத்தனை தடித்த பனியில் ஒளி இறங்காது, சீலும் குறைவு. அது மெலிந்து ஓராண்டுப் பனியானதும் கடல் வளம் கூடியது, கரடியும் கூடியது. ஆனால் இன்று அங்கிருக்கும் பனி சில பத்தாண்டு முன்பு தெற்கே இருந்த பனி. அடுத்த படி எது என்பதை ஹட்சன் காட்டுகிறது. தெற்கு போஃபர்ட் கடலில் 2001க்கும் 2010க்கும் இடையில் 1,500இலிருந்து 900 ஆகிவிட்டது.
4. *1960களைவிட இப்போது அதிகம் என்கிறார்களே?* அன்று சொன்ன எண்கள் ஊகங்கள். முறையான கணக்கெடுப்பு அப்போது இல்லை. அன்றைய ஆபத்து துப்பாக்கி. விமானத்திலிருந்துகூடச் சுட்டார்கள். 1973இல் கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் யூனியன் ஐந்தும் ஒப்பந்தம் போட்டு அதைக் கட்டுப்படுத்தின. சில கூட்டங்கள் மீண்டது அதனால்தான். துப்பாக்கியை ஒப்பந்தத்தால் நிறுத்தியதுபோல உருகலை அந்த ஐந்து நாடுகளால் மட்டும் நிறுத்த முடியாது.

## வால்ரஸ்: ஆழமில்லாக் கடலின் பிரச்சினை

வால்ரஸ் கடலடிச் சிப்பிகளைத் தின்கிறது. ஆகவே தரை எட்டும் ஆழத்தில்தான் அதற்குப் பிழைப்பு, கண்டத்திட்டு என்ற ஆழமற்ற கடல்பகுதியில். பனித்துண்டில் படுத்து ஓய்ந்து, முங்கித் தின்று, மறுபடி ஏறிப் படுக்கும். குட்டியையும் பனித்துண்டிலேயே விட்டுவிட்டு இறங்கும். இப்போது அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையிலுள்ள சுக்சி கடலில் கோடைப் பனி கண்டத்திட்டைத் தாண்டி ஆழ்கடலுக்கு மேலே பின்வாங்கிவிடுகிறது. அங்கே முங்கினால் தரை எட்டாது. எனவே பெண் வால்ரஸ்களும் குட்டிகளும் கரைக்கு வருகின்றன. 2014இல் அலாஸ்காவின் பாயின்ட் லே அருகே ஒரே கடற்கரையில் சுமார் 35,000 ஒதுங்கின.

கரையில் இரண்டு தொல்லை. இரைத்தளத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீந்திப் போய்வர வேண்டும். நெரிசலில் விமானச் சத்தமோ கரடியின் வாடையோ பட்டால் மொத்தக் கூட்டமும் கடலை நோக்கிப் பாயும். ஒரு டன் எடையுள்ள உடல்கள் அவை. 2009இல் ஐசி கேப் அருகே மிதிபட்டுச் செத்த 131 இளம் வால்ரஸ்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. பாயின்ட் லே மக்கள் அதன்பிறகு விமானங்களும் படகுகளும் நெருங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளூரில் செய்யக்கூடியதில் உடனே பலன் தரும் காரியம் இது.

## நிலத்தில்: குளிர்காலத்தில் பெய்யும் மழை

துந்திராவில் கொல்வது குளிரில்லை, நடுக்குளிரில் வரும் வெதுவெதுப்பு. இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பனிமான் குளிர்காலத்தில் வெண்பனியைக் குளம்பால் தோண்டி, அடியிலிருக்கும் லைக்கனைத் தின்னும். பஞ்சுப் பனி எத்தனை ஆழமிருந்தாலும் அதற்குப் பழக்கம். ஆனால் நடுக்குளிர்காலத்தில் மழை பெய்தால் தண்ணீர் வெண்பனிக்குள் இறங்கி, உறைந்த தரையைத் தொட்டு அங்கேயே கட்டிக்கொள்ளும். சில சென்டிமீட்டர் கண்ணாடிப்பனி லைக்கன் மேல் பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்துவிடும். குளம்புக்கு அது உடையாது. அடுத்த வசந்தம்வரை அந்தப் பூட்டு திறப்பதில்லை.

2003 அக்டோபரில் கனடாவின் பேங்க்ஸ் தீவில் இப்படிப் பெய்த மழைக்குப் பிறகு சுமார் 20,000 கஸ்தூரி எருதுகள் பட்டினியில் செத்தன. 2013 நவம்பரில் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் பெய்த மழைக்குப் பலி 61,000 பனிமான்கள். நெனெட்ஸ் மேய்ப்பர்களின் வாழ்வே அவைதான். அந்த மழைக்கும் கடல்பனிக்கும் தொடர்பு உண்டு. பக்கத்திலிருந்த பேரன்ட்ஸ், காரா கடல்கள் அந்த நவம்பரில் வழக்கம்போல மூடாமல் திறந்து கிடந்ததால் காற்றில் ஈரம் ஏறியிருந்தது. கடலில் தள்ளிப்போன உறைவு நாள் நிலத்தில் மந்தையைக் கொன்றது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் விளைவு நுட்பமாகத் தெரிகிறது. மழை பெய்த குளிர்காலத்துக்குப் பின் பனிமான், ப்டார்மிகன் பறவை, வோல் எலி மூன்றும் ஒரே நேரத்தில் குறைகின்றன. ஆர்க்டிக் நரி மட்டும் ஓராண்டு கழித்துக் குறைகிறது. முதல் ஆண்டில் அதற்குச் செத்த மான்கள் விருந்து, மறு ஆண்டில் சாகவும் மானில்லை. நரியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் முதலாண்டில் எல்லாம் நலம் என்றே முடிவுக்கு வருவோம். அதே தீவில் வளர்ந்த பெண் பனிமானின் எடை, 1994இல் பிறந்தவற்றுக்கு 55 கிலோவாக இருந்தது, 2010இல் பிறந்தவற்றுக்கு 48 கிலோவானது.

லெம்மிங் என்ற கொறிவிலங்குக்கும் இதே கதிதான். தரைக்கும் வெண்பனிக்கும் இடையிலுள்ள பொருக்கான இடுக்கில், பூஜ்யத்தை ஒட்டிய வெப்பத்தில், அது குளிர்காலம் முழுக்க இனம்பெருக்கும். மழைநீர் இறங்கி உறைந்தால் இடுக்கே அடைந்துபோகும். மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை லெம்மிங் பெருகும் சுழற்சியை நம்பித்தான் பனி ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. வடகிழக்கு கிரீன்லாந்தின் டிரெய்ல் தீவில் அந்தச் சுழற்சி தளர்ந்ததும் பனி ஆந்தையின் குஞ்சு உற்பத்தி 98 விழுக்காடு வீழ்ந்தது.

## ஒளியை நம்பிய விலங்கும் வெப்பத்தை நம்பிய செடியும்

மேற்கு கிரீன்லாந்தில் கரிபூ மான்கள் ஈனும் இடத்துக்குக் கிளம்புவது பகல் நீள்வதைப் பார்த்து. செடி துளிர்ப்பதோ வெப்பத்தைப் பார்த்து. பகலின் நீளம் மாறாது, வெப்பம் மாறிவிட்டது. மான் வந்து சேரும்போது தளிரின் சத்தான நாட்கள் கழிந்திருக்கின்றன. கன்றுச் சாவு கூடுகிறது.

இந்தத் தப்பிய தேதி எத்தனை தூரம் எட்டும் என்பதற்கு ரெட் நாட் என்ற கரைப்பறவை சாட்சி. சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவுக்குப் போகிறது. டைமிரில் வெண்பனி உருகும் நாள் 33 ஆண்டுகளில் ஆண்டுக்கு அரை நாள் வீதம் முந்தியது. பூச்சிகளும் முந்தின. பிந்திப் பொரித்த குஞ்சுகளுக்குத் தீனி போதாமல் உடல் சிறுத்தது, அலகும் குட்டையானது. மொரிட்டானியாவின் சேற்றில் புதைந்திருக்கும் சிப்பி குட்டையலகுக்கு எட்டாது. அவை கடற்புல் கிழங்கைக் கொத்திக் காலம் தள்ளுகின்றன, முதலாண்டிலேயே அதிகம் சாகின்றன. ஆர்க்டிக்கில் தப்பிய சில நாட்களுக்கு, மரணம் ஆப்பிரிக்கக் கரையில் வருகிறது.

## தெற்கிலிருந்து வருபவை

பனி விலகிய வழியில் புதியவர்கள் வருகிறார்கள். உயர்ந்த முதுகுத்துடுப்பு இருப்பதால் பனிக்குள் நுழையத் தயங்கும் ஓர்க்கா திமிங்கிலம், இப்போது ஹட்சன் விரிகுடாவில் அடிக்கடி தென்படுகிறது. ஓர்க்கா வந்திருக்கும் நாட்களில் நார்வால்கள் இரைத்தளத்தை விட்டுக் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் ஒடுங்கிக் கிடப்பதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. கடிபடாமலே பட்டினி. நிலத்தில் செந்நரி வடக்கே ஏறி, தன்னைவிடச் சிறிய ஆர்க்டிக் நரியின் வளைகளைப் பறிக்கிறது. 2016 கோடையில் யமாலில் உறைமண் இளகி, பழைய ஆந்த்ராக்ஸ் கிருமி வெளிப்பட்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பனிமான்களும் ஒரு சிறுவனும் இறந்தனர்.

கப்பல்களும் வருகின்றன. அவை எரிக்கும் கன எரிஎண்ணெயின் புகைக்கரி வெண்பனியில் படிந்து அதைக் கறுப்பாக்கும், உருகல் கூடும். ஆர்க்டிக் நீரில் அந்த எண்ணெய்க்கான தடை 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. பல கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு இருப்பது வருத்தத்துக்குரியது.

## எது பலன் தரும்?

கடல்பனியைக் குறித்து உறுதியான ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் இனி மீளாது என்ற வகையில் அது நடப்பதில்லை. வெப்பம் ஏறினால் குறையும், வெப்பம் நின்றால் சில ஆண்டுகளில் அதுவும் நிற்கும். 2016இல் வெளியான கணக்குப்படி, வெளியேறும் ஒவ்வொரு டன் கார்பன் டைஆக்சைடுக்கும் செப்டம்பர் கடல்பனி சுமார் மூன்று சதுர மீட்டர் குறைகிறது. உலகம் ஆண்டுக்கு வெளியிடுவது ஏறக்குறைய 3,700 கோடி டன். பெருக்கினால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர். குறைக்கும் ஒவ்வொரு டன்னும் இதே விகிதத்தில் பனியைக் காக்கும். கோடையில் பனி பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே போகும் நிலையைப் 'பனியற்ற ஆர்க்டிக்' என்கிறார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலக வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் அது ஏறக்குறைய நூறாண்டுக்கு ஒருமுறை, 2 டிகிரி உயர்ந்தால் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது. அரை டிகிரியின் எடை அவ்வளவு.

உள்ளூர்க் காவல் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. கனடாவின் வடகோடியில், பனி கடைசிவரை தங்கும் என்று எதிர்பார்க்கப்படும் துவாயுயித்துக் கடல்பகுதி 2019 முதல் தற்காலிகக் காப்பில் இருக்கிறது. 'பனி ஒருபோதும் உருகாத இடம்' என்பது ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் மொழியில் அந்தப் பெயரின் பொருள். நடு ஆர்க்டிக் கடலில் வணிக மீன்பிடிப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் 2021இல் நடப்புக்கு வந்தது. இவை காலம் வாங்கித் தருபவை. வாங்கிய காலத்தில் புகை குறைய வேண்டும்.

## அடுத்த செய்தியில் எந்த எண்ணைத் தேடுவது?

1. செப்டம்பர்ப் பரப்பை மட்டும் பார்க்காமல், அந்தந்தக் கடலின் உடைவு நாளையும் உறைவு நாளையும் பாருங்கள். கரடியின் பட்டினி எவ்வளவு நீளம் என்பதைச் சொல்வது அந்த இரண்டு தேதிகள்தான்.
2. 'உலகில் மொத்தம் இத்தனை' என்ற எண்ணுக்குப் பின்னால் 20 வட்டாரக் கூட்டங்கள் இருக்கின்றன. பலவற்றின் கணக்கெடுப்புப் பழையது, ரஷ்யப் பகுதி சிலவற்றுக்குச் சரியான கணக்கே இல்லை. எந்தக் கூட்டம், எந்த ஆண்டு என்று தேடுங்கள்.
3. தலைக்கணக்குக்கு முன்னால் உடல் எடையைப் பாருங்கள். பனிமானிலும் கரடியிலும் முதலில் இறங்கியது எடைதான்.
4. மொத்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கரடி இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஆகவே குட்டி பிறக்காத கூட்டத்திலும் வளர்ந்த கரடிகள் நெடுநாள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். மேற்கு ஹட்சனில் 2011க்கும் 2021க்கும் இடையில் தெளிவாகக் குறைந்தவை வளர்ந்த பெண்களும் இளங்கரடிகளும். நவம்பரில் கரையோரம் நின்று, கடல் கட்டுகிறதா என்று முன்னங்காலால் தட்டிப் பார்க்கும் கரடிகளில் ஆண்கள் ஏறக்குறைய பழையபடியே இருக்கின்றன.